கேமராவுக்கு முன்னால் தவழ்கிறவர்

முழங்கையை ஊன்றி, வயிறு சருகில் உரச, அவர் தவழ்ந்துகொண்டிருக்கிறார். மீசையில் பாதி நரைத்துவிட்டது. தொப்பியை அழுத்தி மாட்டியிருக்கிறார். கழுத்தில் ஏறும் அட்டையைத் தட்டிவிடக்கூட நிற்கவில்லை. எதிரே ஒரு மரத்தின் தூரில், முழங்காலுக்கும் தாழ, உள்ளங்கை அகலத்தில் ஒரு பச்சைப் பெட்டி பட்டையால் இறுக்கிக் கட்டப்பட்டிருக்கிறது. அதற்குள் கேமரா. அதன் நெற்றியில் சிவப்பு விளக்கு மினுங்கினால், அது அவரைப் பார்த்துவிட்டது என்று அர்த்தம். மினுங்கவில்லை. "இன்னும் ஒசரமாத்தான் இருக்கு. முயல் வந்தா கீழ பூந்து போயிடும்," என்று முனகியபடி எழுந்துபோய்ப் பெட்டியைக் கொஞ்சம் இறக்கிக் கட்டுகிறார். பிறகு பழைய இடத்துக்குத் திரும்பி, முதலிலிருந்து தவழ்கிறார்.

இந்த முறை மினுங்குகிறது. பெட்டிக்கு மிக அருகே போய் ஒரு கணம் அப்படியே நிற்கிறார். பின்னால் இருப்பவர்களுக்கு அவர் முதுகுதான் தெரியும். எழுந்து சருகைத் தட்டிவிட்டு, "ம், அடுத்தது," என்கிறார்.

காட்டு விலங்குகளைக் கணக்கெடுக்கும் ஒரு குழுவில் கேமரா கட்டுவது அவர் வேலை. அதற்கு முன் வீடு வீடாக ஏறிக் கேபிள் இணைப்புக் கொடுத்துக்கொண்டிருந்தார். முடிச்சும் பட்டையும் அப்போது பழகியவை. தவழ்வது இங்கே வந்து தானாகக் கற்றுக்கொண்டது. உடம்புச் சூடு குறுக்கே அசைந்தால் அந்தப் பெட்டி படம் எடுக்கும். எந்த உயரத்தில் எந்த விலங்கு போகுமோ அந்த உயரத்தில் ஓர் உடம்பு போய்க் காட்டினால்தான் பெட்டியை நம்பலாம். மற்றவர்கள் நின்றபடி கையை ஆட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடுவார்கள். அவருக்கு அது பிடிக்காது. "கைய ஆட்டிப் பாத்தா, கைய ஆட்டுற மிருகம்தான் விழும்," என்பார்.

ஆகவே முயலுக்கு முழங்கை, பன்றிக்கு முழங்கால், மானுக்குக் குனிந்த நடை. கரடிக்கு எப்படி என்று புதிதாகச் சேர்ந்த ஒருவர் கேட்டதற்கு, "எம் மச்சான் நடக்குற மாதிரி நடந்தாப் போதும்," என்றாராம்.

தவழ்வதால் குழுவில் அவருக்குப் பாப்பா என்று பெயர் விழுந்துவிட்டது. வயதுக்கு மரியாதை கொடுத்தாக வேண்டுமே என்று அதன் வாலில் ஓர் அண்ணனையும் ஒட்டி, பாப்பாண்ணே என்கிறார்கள். பெயர்க் காரணம் வீட்டில் மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது. "கேமரா டிபார்ட்மென்ட்ல இருக்கேன்" என்பதோடு நிறுத்திக்கொண்டிருக்கிறார். ஒரு விடுமுறை நாளில் அவருடைய தொலைபேசியை மைத்துனர் எடுத்துவிட்டார். மனைவிக்கு அண்ணன், பெயின்ட்டும் ஆணியும் விற்கும் கடைக்காரர், குரல் கடைவீதிக் குரல்.

"பாப்பா இருக்காங்களா?" என்று கேட்டது மறுமுனை.

"பாப்பாவா? இந்த வீட்டுல இருக்கிற பாப்பாவுக்கே காலேஜ் முடிஞ்சுபோச்சே. நீங்க யாரு தம்பி?"

"ஆபீஸ்லேருந்து சார். பாப்பாண்ணன் இல்லையா?"

அன்றிலிருந்து மைத்துனர் விடவில்லை. "மாப்ளே, ஆபீஸ்ல உங்களத் தொட்டில்ல போட்டு ஆட்டுறாங்களா? சும்மா சொல்லுங்க, நான் யாருக்கும் சொல்லமாட்டேன்." அவர் யாருக்கும் சொல்லாத விஷயம் என்று ஊரில் ஒன்றும் கிடையாது. அதனால் இவர் வாயைத் திறக்கவில்லை.

வீட்டில் பார்த்தால் அவர் வேறு ஆள். பேச்சு குறைவு. வாசனை சோப்பு கிடையாது, தலைக்கு எண்ணெய் கிடையாது. காட்டில் வாசனை தங்கிவிடுமாம். மின்விசிறிக் காற்றில் நாள்காட்டி படபடத்தால் பொறுக்காது. எழுந்துபோய் அதன் அடியில் துணிக் கிளிப் ஒன்றை மாட்டிவிட்டு வந்து உட்காருவார். "ஆடுறது எதுவா இருந்தாலும் படம் வீணு." வீட்டுத் திரைச்சீலைகளுக்கெல்லாம் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார். கேமராவோடு பிழைக்கிற மனிதருக்குத் தன்னைப் படம் எடுப்பதென்றால் மட்டும் ஆகாது. குடும்பப் படங்களில் தேடினால், யாராவது உயரமானவர் தோளுக்குப் பின்னால் ஒரு காதாகக் கிடைப்பார்.

அவர் மனைவிக்கும் அதே குழுவில்தான் வேலை. அச்சுக்கூடம் ஒன்றின் மாடியில் உள்ள அறையில், மரப்பலகை மேசையில், காட்டிலிருந்து வரும் படங்களை ஒவ்வொன்றாகக் கணினியில் திறந்து பார்த்துப் பெயர் எழுத வேண்டும். முக்கால்வாசிப் படங்களில் காற்றில் ஆடும் இலைதான் இருக்கும். மிச்சத்தில் மழை, சிலந்தி, கேமராவை நோண்ட வந்த குரங்கின் மூக்குத் துவாரம். வால்நுனி மட்டும் விழுந்திருந்தாலும் புனுகுப்பூனையா கீரியா என்று சொல்லிவிடுவார். கணவர் தவழும் படங்களை மட்டும் பெயர் எழுதாமல் தனி உறையில் தள்ளிவிட வேண்டும். அந்த விதி போட்டது கணவரேதான். "நாம நிக்கிறப்ப விழுறது கணக்கு இல்ல. நாம போயி, காடு காடா ஆனப்புறம் விழுறதுதான் கணக்கு," என்று அடம்பிடித்து, கேமரா கட்டும் நாளின் படங்களை அடியோடு ஒதுக்க வைத்தார். குழுத் தலைவியும் ஒத்துக்கொண்டார். டாக்டரம்மா என்பார்கள் அவரை.

ஒதுக்கிய உறையை யாரும் திறப்பதில்லை, மனைவியைத் தவிர. மதியச் சாப்பாட்டுக்கு மற்றவர்கள் கீழே இறங்கியதும் திறப்பார். ஏனென்றால் பெட்டிக்கு அருகே போய் அந்த ஒரு கணம் நிற்கும்போது, அந்தப் பேசாத மனிதர் மனைவிக்கென்று ஒரு கோணல் முகம் காட்டுவார். ஒரு மரத்தில் கன்னத்தை உப்பவைத்திருப்பார். இன்னொன்றில் ஒரு கண் வடக்கே, ஒரு கண் தெற்கே. எப்போது ஆரம்பித்தது என்று இருவருக்குமே நினைவில்லை. வீட்டில் அதைப்பற்றிப் பேச்சே கிடையாது. தட்டில் பரிமாறும்போது மட்டும், "மூங்கில் வளைவுல கன்னம் நல்லா உப்பியிருந்துச்சு," என்பார் மனைவி. "ம்," என்பார் இவர். அவ்வளவுதான்.

அந்த உறைக்கு ஒரு நாள் வெளிச்சம் வந்தது.

இரண்டு தோட்டங்களுக்கு நடுவே, ஓடையை ஒட்டி நீளமாக ஒரு காட்டுத் துண்டு. அதை வெட்டிவிட்டால் இரண்டு தோட்டமும் ஒன்றாகிவிடும். தோட்டக்காரர்கள் அனுமதி கேட்டிருந்தார்கள். காப்பாற்ற வேண்டியவை என்று அரசு எழுதிவைத்திருக்கும் விலங்குகளில் ஒன்றாவது அங்கே வாழ்கிறது என்று காட்டினால் காடு பிழைக்கும். இல்லையென்றால் ரம்பம். கேமராக்களில் பன்றி விழுந்தது, முள்ளம்பன்றி விழுந்தது, குரங்கு சலிக்கச் சலிக்க விழுந்தது. எல்லாம் எங்கும் இருப்பவை. அவர் எதிர்பார்த்தது சருகுமானை. முயலைவிடச் சற்றே பெரிய, கொம்பில்லாத, பென்சில் கால் மான் அது. ஆபத்து என்றால் ஓடாது. உடம்பின் வெள்ளை வரிகளோடு நிழலில் உறைந்து, சருகோடு சருகாகிவிடும். ஓடைச் சேற்றில் நகத்தளவு குளம்புத் தடங்களை அவர் பார்த்திருந்தார். தடம் செல்லாது, படம் வேண்டும். விசாரணைக் கூட்டம் நெருங்கியதும் கேமராக்களை அவிழ்த்துக்கொண்டு வந்தார்கள். சருகுமான் இல்லை. அவிழ்த்த பட்டைகளை அவர் மடிக்காமல் மூலையில் போட்டதை அலுவலகத்தில் அன்றுதான் பார்த்தார்கள்.

மறுநாள் மதியம் மாடியிலிருந்து மனைவியின் கூச்சல் கேட்டது. எலியோ என்று எல்லாரும் ஓடினார்கள்.

திரையில் மூன்று படங்கள். முதல் படத்தில் அவர் தவழ்கிறார். இரண்டாவதில் இன்னும் அருகே வந்துவிட்டார். பின்னால் வேரடியில் ஈரமான ஒரு மூக்கு. மூன்றாவதில் படத்தின் பாதியை அவர் முகம் அடைத்திருக்கிறது. கண்களை உருட்டி, நாக்கை மோவாய் வரை துருத்திக்கொண்டிருக்கிறார். அவர் தோளுக்குப் பின்னால், திறந்த வெளியில், தலை முதல் வால் வரை முழுசாக, முன்னங்கால் ஒன்றைத் தூக்கியபடி ஒரு சருகுமான். அவர் தவழ்ந்து தாண்டிப் போகும்வரை வேரோடு ஒட்டி உறைந்து நின்றுவிட்டு, அவர் முதுகு தெரிந்ததும் நழுவியிருக்கிறது.

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு நெடுநேரம் பார்த்தார். மானைத்தான் பார்த்தார் என்று வைத்துக்கொள்வோம்.

"பாப்பாண்ணே, எத்தனை மான் இருக்குங்கிற கணக்குல இதச் சேக்க முடியாது. நீங்க போட்ட விதிதான். ஆனா, இருக்கா இல்லையாங்கிற பட்டியலுக்கு இது போதும்."

"அப்ப சரிதானேம்மா."

"ஒண்ணுதான். படத்த வெட்டக் கூடாது. ஒரு ஓரத்த நறுக்கினாலும் செல்லாதுன்னுடுவாங்க. எடுத்தது எடுத்தபடி, ஊர் கூடுற சபையில திரையில போடுவாங்க."

பாப்பாண்ணன் இரண்டாவது படத்தைக் காட்டினார். "இது போதாதா? மூக்கு தெரியுதே."

"மூக்க வச்சு நாய்க்குட்டின்னு சொல்லிட்டா? நான் கட்டாயப்படுத்தமாட்டேன். உங்க முகம், உங்க இஷ்டம். நாளைக்குச் சொல்லுங்க."

அன்று மாலை இருவரும் வண்டியில் வீடு திரும்பும்போது அவர் வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினார்.

"ஊரே வரும்," என்றார்.

"எங்க அண்ணனும் வருவாரு," என்றார் மனைவி பின்னால் இருந்து.

"தெரியும்."

"அதுக்கா யோசிக்கிறீங்க?"

திருப்பத்தில் வண்டியை ஒடித்தார். "அதுக்கில்ல. அது உனக்குன்னு பண்ணது."

மனைவி அவர் முதுகில் விரலால் ஒரு குத்துக் குத்தினார். "எனக்கு வேற ஒண்ணு புதுசாப் பண்ணிக் காட்டுங்க. இது காட்டுக்குப் போகட்டும்."

கூட்டம் நடந்த அரங்கில் உட்கார இடமில்லை. தோட்டத்து ஆட்கள், கடைக்காரர்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள். மைத்துனர் முன்னதாகவே வந்து பக்கத்து நாற்காலியில் துண்டைப் போட்டு இடம் பிடித்து வைத்திருந்தார். "வாங்க மாப்ளே, உங்க டிபார்ட்மென்ட் படமெல்லாம் போடுறாங்களாமே," என்று தட்டிக் கொடுத்தார். திரையை இயக்கியவர் குழுவின் ஆள். இரக்கப்பட்டு, முகத்தை விட்டுவிட்டு மானை மட்டும் பெரிதாக்கிக் காட்டினார். அரங்கு 'உச்' கொட்டியது. தோட்டத்துத் தரப்பு வக்கீல் எழுந்தார்.

"மான் அழகா இருக்குங்க. ஆனா இது அந்தக் காடுதான்னு எப்படி நம்புறது? சருகு எல்லாக் காட்டுலயும் சருகுதான்."

"படத்துலயே சாட்சி இருக்கு," என்றார் டாக்டரம்மா. "முழுசாப் போடுங்க."

முழுசாகப் போட்டார்கள். சுவர் அகலத்துக்கு உருண்ட கண்ணும் துருத்திய நாக்கும் வந்து நின்றன. பின்வரிசையில் யாரோ தொடங்கிவைக்க, அரங்கு முழுக்கச் சிரிப்பு உருண்டது. குழந்தைகள் நாற்காலிமேல் ஏறி நின்றன. மைத்துனர் திரையைப் பார்த்தார், பக்கத்தில் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். "அட மாப்ளே... தவழுறீங்களா! இதுக்குத்தான் பாப்பாவா!" அந்தக் குரலுக்கு ஒலிபெருக்கி தேவைப்படவில்லை. சிரிப்பு இன்னொரு சுற்று போய் வந்தது.

தலைமை அதிகாரி சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டு மேசையைத் தட்டினார். "இதுல இருக்கிறவர் வந்திருக்காரா?"

அவர் எழுந்தார். "நான்தாங்க. கேமரா கட்டினதும் நான்தான். ஓடை வளையுற இடத்துல, இடிவிழுந்த மரத்துக்கு எதிர்த்தாப்புல."

அதிகாரி திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். திரையில் இருப்பவருக்குத் தொப்பி உண்டு, கண்ணாடி இல்லை. எதிரே நிற்பவர் கண்ணாடி போட்டு, வெள்ளைச் சட்டையில், தலையைப் படிய வாரிக்கொண்டு நிற்கிறார். வக்கீலும் விடவில்லை. "ஐயா, இவர் பாக்க ரொம்ப மரியாதையா இருக்காரு. அவரா இவரு?"

"எனக்கும் அதே சந்தேகம்தான்," என்றார் அதிகாரி. "எப்படி எழுதிக்கிறது?"

அவர் கண்ணாடியைக் கழற்றி, "மச்சான், இதக் கொஞ்சம் புடிங்க," என்று மைத்துனர் கையில் கொடுத்துவிட்டு, முழங்கால்களை விலக்கி வழிவிட்டவர்களைத் தாண்டி முன்னால் நடந்தார். திரைக்குப் பக்கத்தில் போய் நின்று, கூட்டத்துக்குள் மனைவி உட்கார்ந்திருந்த வரிசையைத் தேடிப் பிடித்து, அவரைப் பார்த்தபடியே கண்களை உருட்டி, நாக்கை மோவாய் வரை துருத்தினார்.