பசார் வீதி முகவரி

நேற்று என் மகள் ஒரு வேலைக்கு விண்ணப்பம் அனுப்பிக்கொண்டிருந்தாள். போனில் பெயரைத் தட்டினாள், பிறகு வீட்டு இலக்கம், வீதி, பதுளை. அவ்வளவுதான், அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். அந்த ஒரு வரிக்கு நான் பட்ட பாடு எனக்கல்லவா தெரியும்!

நமுனுகுல பக்கம் எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையை மூடியபோது எனக்கு இருபத்துமூன்று வயது. தூள் சலிக்கும் இடத்தில் வேலை. எவ்வளவு குளித்தாலும் காதுக்குள் தூள் இருக்கும். வேலை போனதில் காதாவது சுத்தமானது என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன், யாரும் சிரிக்கவில்லை. பத்திரிகை பார்த்து பதுளையில் ஒரு கடைக்கு எழுதிப் போட்டேன். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு ஏது இலக்கம்? எல்லாருடைய கடிதமும் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். நேர்முகத்துக்கு அழைத்த கடிதமும் வந்து, அங்கேயே பதினொரு நாள் தூங்கியது. கைக்குக் கிடைத்தபோது தேதி முடிந்திருந்தது. எனக்கு மனசே விட்டுப்போனது.

முடி வெட்டப் போன இடத்தில் செல்வம் அண்ணனிடம் புலம்பினேன். பதுளை பசார் வீதியில் சலூன் வைத்திருந்தவர்.

"அடுத்த தடவ நம்ம கடை அட்ரஸப் போடுங்க தம்பி."

ஓர் இரும்புக்கடைக்கு எழுதும்போது அதையே போட்டேன். பதில் வந்ததும் மனிதர் சலூனைப் பூட்டிவிட்டு, பஸ் ஏறி, கேட்டுக் கேட்டு எங்கள் லயத்துக்கே வந்துவிட்டார்.

நேர்முகத்தில் முதலாளிக்கு ஒரே சந்தோஷம். "பசார் வீதியிலயா இருக்கீங்க? நல்லதாப் போச்சு. காலைல ஆறரைக்கு லொறி வரும், வந்துருவீங்கதானே?"

"ஆமாங்க." வாய் முந்திக்கொண்டது. எங்கள் தோட்டத்து முதல் பஸ்ஸே பதுளைக்கு வர ஏழே முக்காலாகும். படியிறங்கி நாலு எட்டு வைத்த பிறகுதான் அது உறைத்தது.

நேரே சலூனுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். யாருக்கோ சவரம் செய்துகொண்டிருந்த அண்ணன் திரும்பாமலே சொன்னார்: "அட்ரஸ் குடுத்தது நான்தானே. தங்க எடமும் நான்தான் குடுக்கணும்."

பின்னறையில் இரண்டு வருஷம் இருந்தேன். உடம்பெல்லாம் சலூன் பவுடர் வாசனை. "மாப்பிள்ள வந்துட்டாரு" என்று லொறிக்காரர்கள் தினமும் கிண்டல் பண்ணுவார்கள், நானும் சிரித்துக்கொண்டே ஆணிப் பெட்டியைத் தூக்குவேன். சத்தியமாகச் சொல்கிறேன், அத்தனை நிம்மதியாக நான் பிறகு தூங்கியதில்லை.

அதற்குப் பிறகு சில வருஷம் வெளிநாட்டில் உழைத்துவிட்டுத் திரும்பினேன். வீதியை அகலமாக்கியதில் அந்தக் கடை வரிசையே போயிருந்தது. அண்ணன் மகனோடு எங்கோ போய்விட்டார் என்றார்கள். ஒரு கடிதமாவது எழுதலாமென்று முகவரி கேட்டேன். யாரிடமும் இல்லை.