கட்பீஸ் அக்காவின் போர்ட்டிகோ

திரைத்துணிக் கடையின் பின்கட்டில் மூன்று தையல் மெஷின்கள் இருந்தன. ஜன்னலோரம் இருந்தது அவளுடையது. இருபத்திரண்டு வருடமாக அதே மெஷின், அதே முக்காலி. கடையில் எல்லோரும் அவளைக் கட்பீஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வெட்டி மிஞ்சிய துண்டை மற்றவர்கள் குப்பைக் கூடையில் போடுவார்கள். அவள் அதை எடுத்துத் தடவிப் பார்த்து, மடித்து, பையில் வைத்துக்கொள்வாள். முதலாளி ஆரம்பத்தில் முறைத்தார். பிறகு, "எடுத்துட்டுப் போம்மா, குப்பை வண்டிக்காவது வேலை மிச்சம்" என்று விட்டுவிட்டார். அடுத்தவர் வீட்டு ஜன்னல்களுக்குக் கொசுவம் பிடித்துப் பிடித்தே அவளுக்கு வயது ஐம்பத்தொன்று ஆகிவிட்டது.

அவளை வாயில்லாப் பூச்சி என்று நினைத்துவிட வேண்டாம். தாங்களே அளவைத் தப்பாகக் கொடுத்துவிட்டு, திரை குட்டை என்று சண்டைக்கு வருகிறவர்களிடம், "ஜன்னல் வளந்திருக்குமோ என்னமோ, உரம் கிரம் போட்டீங்களா?" என்று கேட்பாள். கடையே சிரிக்கும். ஆனால் அந்த வாயெல்லாம் கடையோடு சரி. வீட்டுக்குள் நுழையும்போது செருப்போடு சேர்த்து அதையும் வெளியே விட்டுவிடுவாள். வீடு தம்பியுடையது.

கல்யாணமான பதினோராம் மாதம் பெட்டியும் கையுமாகத் திரும்பி வந்தவள் அவள். ஏன் என்று அவளும் சொல்லவில்லை, தம்பியும் கேட்கவில்லை. கேட்காததற்காகவே அவனை அவளுக்கு இன்றைக்கும் பிடிக்கும். "இது உன் வீடுக்கா" என்றான். அப்போது அவனுக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. கல்யாணமாகாத ஆண்பிள்ளைகள் தாராளமாகத்தான் பேசுவார்கள். ஆனாலும் சொன்னபடி, சமையலறையை ஒட்டிய சின்ன அறையை அவளுக்கே கொடுத்தான். இருபத்தேழு வருடம் அதில் யாரும் கை வைக்கவில்லை. ஒரு ஜன்னல், ஒரு கட்டில், ஒரு அலமாரி, சாத்திக்கொள்ள ஒரு கதவு. அவளுக்கு அது போதும்.

தம்பி மகனுக்குப் பெண் நிச்சயமானதும் கணக்கு இடித்தது. வீட்டில் இருப்பதே இரண்டு அறை. ஒன்றில் தம்பியும் அவன் மனைவியும், இன்னொன்றில் இவள், மகன் ஹாலில். புதுசாக வருகிற பெண்ணை ஹாலிலா படுக்கச் சொல்வது? ஒரு சாயங்காலம் தம்பி கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றான்.

"அக்கா, மாடில ஒரு ரூம் எடுத்துடலாம்னு இருக்கேன். உனக்குத்தான். மூணே மாசம். அதுவரைக்கும்..."

"அதுவரைக்கும்?"

"போர்ட்டிகோல கட்டிலப் போட்டுக்கறியா? கிரில் இருக்கு, பூட்டிக்கலாம்."

என்றைக்காவது கார் வாங்குவோம் என்று கட்டிய போர்ட்டிகோ அது. மேலே கான்கிரீட் கூரை, இரண்டு பக்கம் சுவர், தெருப் பக்கமும் பக்கத்து வீட்டுப் பக்கமும் கிரில். கார் மட்டும் வரவில்லை. தம்பியின் பைக் வந்தது, எல்லோருடைய செருப்பும் வந்தது, ஓட்டை வாளிகள் வந்தன. இப்போது அக்காவும் வந்தாள்.

முதல் சில வாரங்கள் கொடுமை. கட்டிலில் உட்கார்ந்து அவள் சாப்பிடுவதைத் தெருவில் போகிறவர்கள் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. எதிர் வீட்டு டீச்சர், "என்னக்கா, வெளியில..." என்று இழுத்தபோது, தம்பி மனைவி உள்ளேயிருந்து ஓடி வந்து, "மாடி கட்டறோம் டீச்சர், கொஞ்ச நாளைக்குத்தான்" என்று முந்திக்கொண்டாள். சொன்னவளின் முகத்தில் ஈயாடவில்லை. தம்பியோ தினமும் காலையில் அக்காவின் கட்டிலைத் தாண்டித்தான் பைக்கை எடுக்க வேண்டும். தாண்டும்போதெல்லாம் போனைக் காதில் வைத்து மேஸ்திரியைக் காய்ச்சிக்கொண்டே போவான். மணல் வந்து இறங்கியது. செங்கல் வந்து இறங்கியது. மேஸ்திரி மாடியேறி நூல் பிடித்து அளந்தார்.

அவள் இதைக் கவனித்திருக்க வேண்டும். அந்த வெறுங்கட்டிலும் அதைச் சுற்றிக் கிடந்த செருப்புகளும் அவளுக்காக வேலை செய்துகொண்டிருந்தன. அவளுக்கு அது புரியவில்லை. அவள் கண்ணில் பட்டதெல்லாம் மூடாமல் கிடக்கும் இரண்டு கிரில்கள்தான். கட்டிலுக்கு அடியில் இரண்டு மூட்டை கட்பீஸ் இருந்தது. அந்தக் கை எத்தனை நாள் சும்மா இருக்கும்?

கடையில் அளவு தப்பிப் போய்த் திரும்பி வந்த திரைகள் நிறையக் கிடந்தன. முதலாளி அவளிடம் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டார். எல்லாமே அரை அடி குட்டை. அடியில் வேறு நிறத்தில் அரை அடிப் பட்டை வைத்துத் தைத்தாள். பார்த்தவர்கள் அதுதான் இப்போது ஃபேஷன் என்றார்கள். கர்ட்டன் ராடு விலை கட்டுப்படியாகவில்லை. பிளம்பரிடம் மிஞ்சிக் கிடந்த பிளாஸ்டிக் குழாயைக் கேட்டு வாங்கி, பழுப்பு பெயின்ட் அடித்து, கிரில்லோடு கம்பி போட்டுக் கட்டினாள். மழைச் சாரலுக்கு, மேஜை விரிப்புக்கென்று விற்கிற கண்ணாடி மாதிரிப் பிளாஸ்டிக்கைத் திரைக்குப் பின்னால் லைனிங்காகக் கொடுத்தாள். பழைய சாம்பிள் புத்தகங்களைப் பிரித்தால் நம்பர் ஒட்டிய துணிச் சதுரங்கள், ஒன்றோடு ஒன்று சேராத நாற்பது நிறத்தில். அதில் ஆறு குஷன் உறையும் ஒரு கட்டில் விரிப்பும் தேறின. குஷனுக்குள் பஞ்சு கிடையாது, நைந்துபோன அவளுடைய பழைய துணிகள்தான். பழக்கடையில் கேட்டு வாங்கிய மரப்பெட்டி இரண்டு. கவிழ்த்துப் போட்டால் டீப்பாய்.

தரையில் பைக் ஒழுக்கிய எண்ணெய்க் கறை மட்டும் மசியவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை சோடா உப்பு போட்டுத் தேய்த்தாள். தோள்பட்டை வலித்ததுதான் மிச்சம். கடைசியில் நாலு கால்மிதிகளை ஒட்டித் தைத்து அதன்மேல் விரித்துவிட்டாள். பைக் வாசலுக்கு வெளியே போனது. காலி பெயின்ட் டப்பாக்களில் செடி வைத்தாள். ஓட்டைக் கூடை ஒன்றைக் கவிழ்த்து அதற்குள் மஞ்சள் பல்பை மாட்டினாள்.

அந்த ஒன்றரை மாதம் அவள் சந்தோஷமாக இருந்தாள். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஊர் வீட்டுக்கெல்லாம் தைத்தவள், முதல் தடவையாகத் தனக்கென்று அளவெடுத்துத் தைத்தாள். கடைக்குப் போகும்போது பாட்டுக்கூட முணுமுணுத்தாள்.

கடைசித் திரையை மாட்டிய அன்று தம்பி அதை விலக்கிக்கொண்டு வந்தான். சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு நெஞ்சு நிறைய ஒரு மூச்சு விட்டான்.

"அக்கா! என்னக்கா இது, பெரிய ஹோட்டல் மாதிரி பண்ணிட்டே!"

அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. அவன் எதற்காக அப்படி மூச்சு விட்டான் என்று யோசிக்க அப்போது தோன்றவும் இல்லை. மறுநாள் காலையில் அவன் மேஸ்திரிக்குப் போன் பண்ணவில்லை. அதற்கடுத்த நாளும் பண்ணவில்லை.

கல்யாணமாகி வந்த புது மருமகள் போட்டோ எடுத்துப் போனில் போட்டாள். கீழே, "எங்க வீட்டு சிட்அவுட்" என்று எழுதியிருந்தாள். அன்றிலிருந்து எல்லோரும் அதை சிட்அவுட் என்றே சொல்ல ஆரம்பித்தார்கள். மாலை டீ அங்கேதான். தம்பி பேப்பர் படிப்பது அங்கேதான். யார் வந்தாலும் உட்கார வைப்பதும் அங்கேதான். கால் கடுக்கக் கடையிலிருந்து வந்தால் அவள் கட்டிலில் மூன்று பேர் சாய்ந்திருப்பார்கள். "வாங்க அண்ணி, உக்காருங்க" என்று தம்பி மனைவி வாய் நிறையக் கூப்பிட்டு மரப்பெட்டியைக் காட்டுவாள். அவர்கள் எழுந்து போகிற வரைக்கும் இவள் முதுகைச் சாய்க்க முடியாது. உடை மாற்றக் குளியலறைக்குப் போக வேண்டும். அலமாரி இன்னும் பழைய அறையிலேயே இருந்ததால், துணி எடுக்க அந்தக் கதவைத் தட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

மூன்று மாதம் ஒன்பது மாதமானது. மணலில் தெருப் பூனைகள் காலைக்கடன் முடித்தன. செங்கல்லில் பாதியைப் பக்கத்து வீட்டுக்காரர் தன் காம்பவுண்டுக்கு வாங்கிக்கொண்டு போனார். ஒரு நாள் அவள் கேட்டே விட்டாள்.

"தம்பி, மேஸ்திரி என்ன சொல்றாரு?"

"எந்த மேஸ்திரி?" என்றவன், அவள் முகத்தைப் பார்த்துச் சுதாரித்தான். "ஓ, மாடியா... நிஜமாச் சொல்லுக்கா, மேல வெயில்ல கொதிக்கும். உனக்கு முட்டி வலி வேற, படியேறணும். இங்க பாரு, காத்து, வெளிச்சம்! எனக்கே இங்க வந்து படுத்துக்கலாம்போல இருக்கு."

"படுத்துக்கோயேன். நான் உன் ரூம்ல படுத்துக்கறேன்."

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். அக்கா தமாஷ் பண்ணுகிறாள் என்று நினைத்தான். அப்படி நினைத்துக்கொள்வது அவனுக்கு வசதியாகவும் இருந்தது.

அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. வெறுங்கட்டிலில் கிடந்த அக்காவைத் தாண்டிப் போக அவனுக்குக் கூசியது. அந்தக் கூச்சம்தான் மணலையும் செங்கல்லையும் கொண்டு வந்து இறக்கியது. அதை இவளே உட்கார்ந்து அழகாகத் தைத்து மூடிவிட்டாள். சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அதை இவள் கட்பீஸ் செலவிலேயே முடித்துவிட்டாள். எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிடலாம் என்று ஆத்திரத்தில் ஒரு முறை குழாயில் கை வைத்தாள். எறிந்தால் மறுபடியும் தெரு பார்க்கப் படுக்க வேண்டும். அந்தத் தையலில் ஒரு பிசிறும் இல்லாததும் கண்ணில் பட்டது. கையை எடுத்துவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மருமகளின் அம்மா வந்திருந்தாள். நல்ல மனுஷி, மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் பேசுகிறவள். கட்டிலின் நடுவில் வசதியாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, திரையை விரல்களுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். எல்லோருக்கும் டீ வந்தது. இவள் மரப்பெட்டியில் உட்கார்ந்திருந்தாள்.

"போட்டோல பார்த்ததைவிட நேர்ல அம்சமா இருக்கே! என்ன செலவாச்சு?"

"செலவே இல்ல சம்பந்தி, எல்லாம் வேஸ்ட் துணி. அண்ணியோட கைவேலை" என்றாள் தம்பி மனைவி.

சம்பந்தியம்மாள் இவள் பக்கம் திரும்பினாள். "அக்கா, எங்க வீட்டுக்கும் இதே மாதிரி ஒண்ணு பண்ணிக் குடுங்களேன். எங்க போர்ட்டிகோவும் சும்மாதான் கெடக்கு. எங்க வீட்டுக்காரரோட அக்கா எங்ககூடத்தான் இருக்காங்க. பையனுக்குக் கல்யாணம் வருது, ரூம் வேணும். அவங்களை எங்க வைக்கிறதுன்னு மண்டைய உடைச்சிட்டு இருந்தோம். இங்க வந்து பார்த்ததும் மனசு லேசாயிடுச்சு."

தம்பி குனிந்து டீக்குள் பார்த்தான். தம்பி மனைவி இல்லாத எறும்பைக் குஷனிலிருந்து தட்டினாள்.

"அவங்க இப்ப எங்க இருக்காங்க?" என்று இவள் கேட்டாள்.

"தனி ரூம்லதான். அவங்க பாட்டுக்குக் கதவைச் சாத்திக்கிட்டு ரேடியோ கேட்டுட்டு இருப்பாங்க."

"தைக்கத் தெரியுமா?"

"ஐயோ, ஊசில நூல் கோக்கக்கூட வராது. அதனாலதானே உங்களைக் கேக்கறேன்."

"அப்ப அவங்க பொழைச்சுக்குவாங்க" என்றாள் இவள். கடையில் பேசுகிற அதே குரல், முதல் தடவையாக இந்த வீட்டில். "வெறும் கட்டிலைப் போட்டு அப்படியே விட்டுடுங்க. ஒரு துண்டுத் துணி தொங்கவிடாதீங்க. தெருவுல போறவங்க நல்லாப் பார்க்கட்டும், நீங்களும் தினம் பாருங்க. மூணே மாசத்துல மாடில ரூம் வந்துடும்."

"அண்ணி எப்பவுமே இப்படித்தான், தமாஷா..." என்று தம்பி மனைவி ஆரம்பித்தாள்.

"தமாஷ் இல்ல. எல்லாரும் எந்திரிங்க. இது நான் படுக்கிற கட்டில். எனக்குப் படுக்கணும்."

ஒவ்வொருவராக டீயை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். தம்பி கடைசியாக எழுந்தான். "சம்பந்தி முன்னாடி என் மானத்தை வாங்கிட்டியேக்கா" என்றான். மாடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவான் என்று அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் போய்விட்டான்.

அவள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். உள்ளே குசுகுசுவென்று பேச்சு. சமாதானம் சொல்கிறார்கள் போலிருந்தது. பிறகு சம்பந்தியம்மாளின் குரல் தெளிவாகக் கேட்டது.

"பரவால்ல விடுங்க, என்ன கோபமோ. அவங்களைத் தொந்தரவு பண்ண வேணாம். அந்தத் துணிக் கடை எங்க இருக்குன்னு மட்டும் சொல்லுங்க, நாளைக்கே போய் அளவு குடுத்துடறேன்."

மருமகள் கடைக்கு வழி சொன்னாள். அந்தக் கடையில் மெஷின்கள் மூன்று. கிரில்லுக்குத் திரை என்று அளவு வந்தால், முதலாளி வேறு யாரிடமும் கொடுக்க மாட்டார், ஜன்னலோர மெஷினில்தான் கொண்டுவந்து வைப்பார்.