டேப்புக்கு வைத்த சந்தனம்

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதியிலேயே உப்பளத்துக்கு மூட்டை சுமக்கப் போய்விட்டேன். இன்று தூத்துக்குடியில் என் பேக்கிங் செட்டில் நாற்பது பெண்கள் உப்பு பாக்கெட் போடுகிறார்கள். பி.காம். படித்தவன் என் ஆபீஸ் வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருகிறான். பெருமைக்குச் சொல்லவில்லை என்று சிலர் எழுதுவார்கள். நான் பெருமைக்குத்தான் சொல்லுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் அச்சுக்காரன் திருத்திக்கொள்ளட்டும், அதற்குத்தானே அவன் படித்திருக்கிறான்.

எங்கள் சமுதாயத்தார் நடத்தும் பள்ளிக்கூடத்துக்குப் பல வருஷமாக நான்தான் தலைவர். கமிட்டியில் இன்னும் பத்துப் பேர் உண்டு. எல்லாரும் கடைக்காரர்கள், என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டுகிறவர்கள். ஹெட்மாஸ்டர் இரண்டு எம்.ஏ. படித்தவர். பள்ளிக்கூடத்தில் குழாய் ஒழுகினால் அதைப் பற்றி ஒரு பக்கம் கடிதம் எழுதுவார். வாஷர் மாற்ற ஆள் கூப்பிடத் தெரியாது.

ஒரு ஜூலை மாதம் ஐந்தாம் வகுப்பு டீச்சர் என் செட்டுக்கு வந்து நின்றாள். விளாத்திகுளம் பக்கத்துப் பெண், நிரந்தர வேலை கிடையாது, வருஷா வருஷம் கமிட்டி பார்த்துப் போடுகிற வேலை. சம்பளம் கூட்டிக் கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்து முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டேன்.

"அண்ணாச்சி, கிழிஞ்ச அட்டைப் பெட்டி இருந்தா கொஞ்சம் வேணும்" என்றாள்.

"அட்டையா? வீடு மாத்துதியளா டீச்சர்?"

"இல்ல. பிள்ளையளுக்கு வாசிக்க."

உப்புப் பெட்டியில் என் கம்பெனி பேரும் எடையும்தான் அச்சடித்திருக்கும். அதை வாசித்து யார் என்ன ஆகப்போகிறார்கள் என்று கேட்டேன். அவள் கைப்பையிலிருந்து ஒரு அட்டைத் துண்டை எடுத்தாள். உள்ளங்கை நீளம். நடுவில் பிளேடால் கீறி, ஒரு வரி தெரிகிற அளவுக்கு ஒரு சந்து. என் மேஜையில் கிடந்த பேப்பர் மேல் அதை வைத்தாள். ஒரு வரி மட்டும் தெரிந்தது, மற்றதெல்லாம் மறைந்துபோயிற்று.

"சில பிள்ளையளுக்கு பக்கத்த முழுசா பாத்தா எழுத்தெல்லாம் கூட்டமா மேல விழுத மாதிரி இருக்கும் அண்ணாச்சி. எந்த வரியில இருக்கோம்னு தெரியாம முழிக்கும். இப்படி ஒரு வரி மட்டும் காட்டினா பயப்படாம வாசிக்கும். எங்கிளாஸ்ல பதினோரு பிள்ளையளுக்கு வாசிப்பே வரல."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஐந்து வருஷம் பெஞ்சில் உட்கார்ந்து வாசிக்க வராத பிள்ளைக்கு உப்புப் பெட்டியை வெட்டி வைத்தியமாம். அதற்கு ஒரு டிகிரி, அதற்கு மேல் ஒரு பி.எட். பெட்டியைக் கொடுத்துவிட்டேன், எப்படியும் குப்பைக்குப் போகிறது. ஆனால் அந்தப் பதினொன்று மனதில் நின்றுவிட்டது. பெற்றவர்கள் எங்களை விட்டு இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை மாற்றிக்கொண்டிருந்த நேரம் அது. அந்த வாரம் கமிட்டிக் கூட்டத்தில் அவளை வரவழைத்து எல்லார் முன்பும் சொன்னேன்.

"அரையாண்டுக்குள்ள பதினொன்னும் வாசிக்கணும். நான் குடுக்கிற பக்கத்த என் முன்னால வாசிக்கணும். இல்லன்னா டீச்சர் வேற இடம் பாத்துக்கிடட்டும்."

பத்துத் தலையும் ஆடின. அவள் வீட்டில் அவள் சம்பளம் ஒன்றுதான் வருமானம் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். அளத்தில் எனக்கு யாரும் இரக்கம் பார்த்து மூட்டையைக் குறைத்துக் கொடுத்ததில்லை.

அப்போதுதான் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு அங்கத்துத் தலைவர், என் தொழிலில் எனக்குப் பின்னால் வந்தவர், ஸ்மார்ட் போர்டு ஒன்று வாங்கிக் கொடுத்து மாலை போட்டுக்கொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை. அவர் கொடுத்தது ஒரு போர்டு என்றால் நான் கொடுப்பது இருபது டேப், அதுதான் சிலேட்டு மாதிரி இருக்கிற கம்ப்யூட்டர், என்று முடிவு செய்தேன். ஹெட்மாஸ்டர் மூன்று பக்கம் நன்றிக் கடிதம் எழுதினார்.

டேப் விற்க வந்தவன் சென்னைக்காரன். வேகாத வெயிலில் டை கட்டியிருந்தான்.

"சார், இதுல உலகமே இருக்கு சார். கதை, கணக்கு, படம் எல்லாம் இருக்கு. டீச்சரே தேவையில்லை" என்றான்.

"அப்ப ஒனக்குப் பதிலா இத அனுப்பியிருக்கலாமே, பேசியிருக்கும்லா" என்றேன்.

அவன் சிரித்தான். என்னத்துக்குச் சிரிக்கிறோம் என்று அவனுக்குத் தெரியாது. விற்பனைக்காரன் சிரிப்பு எனக்குத் தெரிந்த சிரிப்புதான், நானும் தெருத்தெருவாய் உப்பு விற்றவன். ஆனால் நான் விற்ற உப்பு கரித்தது. அவன் டேப் ஒவ்வொரு கதைக்கு முன்னாலும் ஒரு நிமிஷம் சுற்றிக்கொண்டு நின்றது. நெட் வருகிறதாம். இருபதிலும் என் பேர் போட்ட ஸ்டிக்கர் ஒட்டியாயிற்று. டேப்புகளை ஸ்டீல் பீரோவில் பூட்டி, சாவியை ஐந்தாம் வகுப்பு டீச்சர் பொறுப்பில் கொடுத்தார் ஹெட்மாஸ்டர். கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். பொறுப்பை அடுத்தவர் தலையில் கட்டுவதற்கு அவருக்கு இரண்டு எம்.ஏ.வும் உதவும்.

டீச்சர் டேப்பை அதிகம் வெளியே எடுக்கவில்லை. அவள் என்ன செய்கிறாள் என்பது செப்டம்பரில் எனக்குத் தெரிந்தது. செட்டுக்குள் நடந்து வரும்போது அவள் குரல் கேட்டது. ஆளைக் காணோம். சீல் வைக்கிற மிஷின் பக்கத்தில் ஒரு பேக்கிங்காரி செல்போனைப் பெட்டி மேல் சாய்த்து வைத்திருந்தாள். அதிலிருந்து டீச்சர் நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு சொல்லாக, ஒரு கதை வாசித்துக்கொண்டிருந்தாள். கரையில் ஒதுங்கிய நண்டு ஒன்று தனக்கு அளவான சங்கு தேடி அலைகிற கதை.

"ஏளா, வேலை நேரத்துல என்ன கத வேண்டிக் கெடக்கு?"

"கத இல்ல அண்ணாச்சி, எம்மவ பாடம். டீச்சர் வாட்ஸ்அப்புல அனுப்புவாவ. மக புஸ்தகத்துல விரல வச்சிக்கிட்டே இதக் கேட்டு வாசிக்கணும்."

"அவ கேக்க வேண்டியத நீ எதுக்கு இங்கன கேக்க?"

"எனக்குத்தான் எழுத்து தெரியாதே. நான் முதல்லயே கேட்டு மனசுல வச்சிக்கிட்டா, ராத்திரி அவ வாசிக்கும்போது எங்க விட்டுட்டுப் போறான்னு பிடிச்சிருவேன்லா. போன வாரம் ரெண்டு வரியத் தாண்டிட்டுப் போனா. தலையில ஒரு குட்டு குட்டினேன். ஒனக்கு எப்படிம்மா தெரிஞ்சுதுன்னு முழிக்கா."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். போனை அணைக்கச் சொல்லிவிட்டு வந்தேன். சாயங்காலம் கணக்கப்பிள்ளை ஏதோ சொல்லிக்கொண்டிருக்க, என் புத்தி அந்த நண்டின் பின்னாலேயே போயிற்று. வெளியே வந்து அவளைக் கேட்டேன்.

"ஏளா, அந்த நண்டுக்கு வீடு கெடச்சுதா?"

"நீங்கதான அணைக்கச் சொன்னிய" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஆயுத பூஜை வந்தது. என் செட்டில் தராசு, மண்வெட்டி, சீல் மிஷின், லாரி எதுவும் சந்தனம் குங்குமம் இல்லாமல் நிற்காது. பள்ளிக்கூடத்திலும் நான்தான் பூஜைக்கு முன்னால் நிற்பேன். இருபது டேப்பையும் வாழை இலையில் வரிசையாய் வைக்கச் சொன்னேன்.

டீச்சர் மட்டும் பக்கத்தில் வந்து, "அண்ணாச்சி, மேலுறையில வச்சாப் போதும்" என்றாள்.

"மனுசனுக்குச் சட்டையிலயா பொட்டு வைக்கோம்?" என்றேன்.

பன்னீரில் குழைத்த சந்தனம். டேப்புக்கு மேலே நடுவில் நெற்றிக்கண் மாதிரி ஒரு சின்ன வட்டம் இருந்தது, அதில் ஒரு பொட்டு. கீழே வாய் மாதிரி ஒரு ஓட்டை இருந்தது, அதிலும் ஒன்று. அதன் மேல் குங்குமம், கடைசியாகத் தீர்த்தம். இருபதுக்கும் என் கையாலேயே வைத்தேன், ஒருத்தரையும் தொடவிடவில்லை. பூஜையில் வைத்த ஆயுதத்தை உடனே எடுக்கக் கூடாதென்று அப்படியே பீரோவில் வைத்துப் பூட்டச் சொன்னேன். லீவு விட்டாயிற்று. பாதிப் பேர் குலசேகரன்பட்டினத்துக்குத் தசரா வேஷம் பார்க்கப் போய்விட்டார்கள்.

பள்ளி திறந்து பீரோவைத் திறந்தபோது இருபதிலும் சந்தனம் கல்லாய்க் காய்ந்திருந்தது. வாய் என்று நான் நினைத்தது சார்ஜ் ஏற்றுகிற ஓட்டையாம். ஒன்றிலும் வயர் நுழையவில்லை. டீச்சர் குண்டூசியால் சுரண்டிப் பார்த்தாளாம். டை கட்டினவனுக்கு ஹெட்மாஸ்டர் போன் போட்டார்.

"சார், வாரண்டியில சந்தனம் வராது சார்" என்றானாம் அவன்.

இதெல்லாம் என் காதுக்கு வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. சந்தனம் தாங்காத சாமான் என்ன சாமான். என் தராசு எத்தனை வருஷமாய்த் தாங்குகிறது.

டிசம்பரில் கமிட்டி கூடியது. பதினோரு பிள்ளைகளையும் வரச் சொல்லியிருந்தேன். பாடப் புத்தகம் என்றால் மனப்பாடமாய் ஒப்பித்துவிடும் என்று எனக்குத் தெரியாதா. அன்று காலை வந்த பேப்பரைக் கொண்டுபோனேன். துறைமுகத்துக்கு வந்த கப்பல் பற்றிய செய்தியை விரித்து மேஜையில் வைத்தேன். டீச்சர் சுவர் ஓரமாக நின்றாள். முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

ஒவ்வொன்றாய் வந்து வாசித்தன. வேகம் இல்லை, ஆனால் வாசித்தன. பத்து முடிந்தது. பதினொன்றாவது அந்தப் பேக்கிங்காரி மகள். பேப்பரைப் பார்த்தாள், முதல் சொல்லில் ஆரம்பித்துப் பக்கத்துப் பத்தியில் போய் நின்றாள். மறுபடி ஆரம்பித்தாள், மறுபடி அங்கேயே நின்றாள். பாவாடைப் பையில் கையை விட்டு ஒரு அட்டைத் துண்டை எடுத்தாள்.

"பரீட்சையில அதெல்லாம் வைக்கக் கூடாது" என்றார் ஹெட்மாஸ்டர்.

பிள்ளை கையை இழுத்துக்கொண்டாள். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டாள். நான் அட்டையைப் பார்த்தேன். அதன் ஓரத்தில் என் கம்பெனி பேரில் பாதி தெரிந்தது. எனக்குச் சுருக்கென்றது. என் பேர் போட்ட சரக்கை என் முன்னால் வேண்டாம் என்று சொல்ல இவர் யார்.

"தராசு இல்லாம நான் எட போட்டிருக்கனா சார்?" என்றேன். "நீ வைளா."

வைத்தாள். ஒரு வரி, அடுத்த வரி என்று அட்டை இறங்கியது. கப்பல் எந்த நாட்டிலிருந்து வந்தது, என்ன இறக்கியது, என்றைக்குப் புறப்படும் என்று கடைசி வரி வரை வந்துவிட்டாள். எங்கும் தாண்டவில்லை.

கூட்டம் முடிந்தது என்று எழுந்தேன். ஹெட்மாஸ்டர் ஒரு தாளை நீட்டினார். டேப் இருபதும் கெட்டுப்போனது பற்றியாம். சாவி டீச்சரிடம் இருந்தது, கையெழுத்து இருக்கிறது, ஆகவே அடுத்த வருஷம் டீச்சரை வைத்துக்கொள்வது பற்றிக் கமிட்டி யோசிக்கலாம். பத்துத் தலையும் என் முகத்தைப் பார்த்தன, ஆடுவதற்குத் தயாராக. அவர்கள் எல்லாரும் அந்தப் பூஜையில் நின்றவர்கள். நான் பொட்டு வைக்கும்போது கையெடுத்துக் கும்பிட்டவர்கள். ஒருத்தன் வாயிலிருந்தும் சந்தனம் என்ற சொல் வரவில்லை. டீச்சர் வாயிலிருந்தும் வரவில்லை. அவள் சொல்லியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். சொல்லாதது அதைவிட மோசமாக இருந்தது.

"டேப் யாரு வாங்கினது?" என்றேன்.

"அண்ணாச்சிதான்" என்றது கமிட்டி.

"சந்தனம் யாரு வச்சது?"

பத்துப் பேரும் ஹெட்மாஸ்டர் கையிலிருந்த தாளைப் பார்த்தார்கள்.

"வாயில என்னத்த வச்சிருக்கிய? நான்தான் வச்சேன். டீச்சர் வேண்டாம்னு சொல்லியும் கேக்காம வச்சேன். டீச்சர் இங்கனதான் இருப்பாவ. சார், அந்தத் தாள மடிச்சுப் பையில வையுங்க."

மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது, இந்த வயதில் பழகவும் போவதில்லை. டேப்பைப் பற்றி என் அபிப்பிராயமும் மாறவில்லை. ஒரு பொட்டுக்குச் செத்துப்போகிற யந்திரத்தை நம்பிப் பிள்ளைகளை விடச் சொன்ன படித்தவர்களைப் பற்றியும் மாறவில்லை.

வெளியே வரும்போது டீச்சர் பின்னாலேயே வந்தாள்.

"அண்ணாச்சி, இன்னும் கொஞ்சம் அட்டை வேணும். நாலாங்கிளாஸ் டீச்சரும் கேக்காவ."

"எடுத்துக்கிடுங்க. குப்பைக்குப் போறதுதான."

"வர்ற ஆயுத பூஜைக்கு அதையும் இலையில வைக்கலாம். அட்டை சந்தனம் தாங்கும்."

சிரிக்காமல்தான் சொன்னாள். நான் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன். பிறகு கண்ணாடியை இறக்கி, அந்த நண்டுக்குக் கடைசியில் வீடு கிடைத்ததா இல்லையா என்று கேட்டேன்.