அரை நிமிடம் பிந்திய விக்கெட்

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆனால் வானத்திலிருந்து வரும் டிவி சேனல்களை இன்டர்நெட் வழியாக வீடு வீடாகக் கொடுக்கும் தொழிலைத் திண்டுக்கல்லில் முதலில் தொடங்கியவன் நான்தான். எங்கே வேண்டுமானாலும் அடித்துச் சொல்வேன். என் மாடியில் பெரிய பெரிய டிஷ், சேனல்காரர்களோடு முறையான ஒப்பந்தம், டிவியிலும் போனிலும் ஓடும் ஆப். கேபிள் இழுக்கக் கம்பம் கம்பமாக ஏறி இறங்கியவனுக்கு இதெல்லாம் எம்மாத்திரம்!

கிரிக்கெட் மேட்ச் நடக்கும் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துத் தொடங்கினேன். முதல் இணைப்பு பிரியாணிக் கடை பாய்க்கு. கடைவீதியே அங்கே வந்து நின்று பார்த்தது. பாய் நல்லாயிருக்கு என்றால் வீதி முழுக்க எனக்கு. முகம் சுளித்தால் ஒருவரும் வாங்க மாட்டார்கள்.

எங்கள் திரையில் பந்துவீச்சாளர் பந்தைத் தொடையில் தேய்த்துக்கொண்டு நின்றார். எதிர்த்த டீக்கடையில் “அவுட்டு!” என்று ஒரே கூச்சல். எங்கள் ஆள் அதற்குப் பிறகுதான் ஓடிவந்தார், பந்தைப் போட்டார், ஸ்டம்ப் பறந்தது.

டீக்கடையில் இருந்தது சாதாரண டிஷ். அதில் படம் நேராக வந்துவிடும். என்னுடையது இன்டர்நெட்டைச் சுற்றிக்கொண்டு அரை நிமிடம் பிந்தி வந்தது.

“என்னண்ணே, நேத்து மேட்ச்சையா காட்டுறீங்க?” என்றார் எலும்பு கடித்துக்கொண்டிருந்த ஒருவர். கடையே சிரித்தது.

பாய் சிரிக்கவில்லை. “எதிர்க்கடைக்காரன் கத்தித்தான் நாங்க தெரிஞ்சுக்கணும்னா எனக்கு எதுக்குண்ணே இது? மேட்ச் முடியவும் கழட்டிட்டுப் போயிருங்க” என்றார்.

என் இன்ஜினியருக்குப் போன் போட்டேன். “கொஞ்சம் குறைக்கலாம் சார், முழுசா எடுக்க முடியாது” என்றார். வேறொருவனாக இருந்தால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பான். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனேன்.

“ஏலே மாப்ளே, மழை பேஞ்சா உன் டிஷ்ல படம் நிக்குமா?”

“எங்க நிக்குது மாமா, தூறல் போட்டாலே கட்டம் கட்டமாப் போயிருது.”

“என்னோடத மாட்டுறேன். பால் காய்ச்சிக்கிட்டே போன்லயும் பாத்துக்க. முத மாசம் காசு வேணாம்.”

“இம்புட்டு நல்லவரா மாமா நீங்க?”

இடைவேளை முடிவதற்குள் மாட்டிவிட்டேன். அடுத்த இன்னிங்ஸில் முதல் சிக்சருக்கு இரண்டு கடையும் ஒன்றாகக் கத்தின.

“இப்ப சரியாயிருச்சே! என்னண்ணே பண்ணுனீங்க?” என்றார் பாய்.

“தொழில் ரகசியம் பாய்.”

கடைசி ஓவர். திரையில் இன்னும் ஒரு ரன் வேண்டும். அதற்குள் பக்கத்துத் தெருவில் சரவெடி வெடித்தது. அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“மாப்பிள்ளை அழைப்பா இருக்கும். நீங்க மேட்ச்சப் பாருங்கப்பா” என்றேன்.

பாய் இணைப்பைக் கழற்றச் சொல்லவில்லை. அடுத்த மேட்ச் வருவதற்குள் அந்தப் பக்கத்துத் தெருவுக்கும் நானே இணைப்புக் கொடுத்து முடித்துவிட்டேன்.