அண்ணன் தலையில் மாட்டிய பை

அந்த டைரக்டரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஒரே ஒரு ஷாட்டில் என் அண்ணன் முகத்தைக் காட்டியிருந்தால் அவருக்கு என்ன குறைந்துபோயிருக்கும்?

நரபலிப் பேய்ப்படங்களில் பலியாளாகப் படுத்துக் கிடப்பதுதான் அண்ணனின் பிழைப்பு. நான் அதே செட்டில் தச்சு வேலை பார்த்தேன். அவர் படுத்த பலிபீடங்களை எல்லாம் செய்தது நான்தான். தலையில் துணிப்பையை மாட்டிவிட்டால் ஒரே ஆளை ஒரே படத்தில் ஏழு பேராக வெட்டலாம் என்பது டைரக்டரின் யோசனை. சர்க்கரைப்பாகு ரத்தத்தில் எறும்பு மொய்த்தாலும், செட்டில் போடும் புகை பைக்குள் நிறைந்தாலும் அண்ணன் அசைய மாட்டார்.

கதவைத் திறக்கும்போதே அண்ணி கேட்பார்: "இன்னைக்கு எத்தனை தடவை செத்தீங்க?"

"சாப்பாட்டுக்கு முன்னாடி ரெண்டு, பின்னாடி ஒண்ணு. அடுத்த படத்துல மூஞ்சியக் காட்டுறேன்னு சொல்லிருக்காரு."

படம் வந்ததும் குடும்பத்தோடு தியேட்டருக்குப் போவோம். திரையில் மறுபடியும் பைதான் தெரியும்.

"இதுல யாரும்மா அப்பா?" என்று அண்ணன் மகள் கேட்பாள்.

"காலைப் பாருடி. கட்டைவிரல் கோணலா இருக்குல்ல, அதான் உங்கப்பா."

இருட்டில் அண்ணன் காலை சீட்டுக்கு அடியில் இழுத்துக்கொள்வார்.

பதினோரு படம் இப்படியே போனது. கடைசியில் நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒருநாள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"நான் போனதும் துணியத் தூக்கிட்டு வருவாங்கடா. மூஞ்சிய மட்டும் மூட விட்டுடாத. எல்லாரும் பாக்கட்டும்."