ஏசிப் பெட்டியில் நான் பிடித்த மாப்பிள்ளை

இரண்டு வருடத்துக்கு முன்னர், பொங்கலை ஒட்டிய ஒரு காலை. கொழும்பு கோட்டையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பகல் ரயிலில் நடந்த கதை இது. நினைத்தால் இப்போதும் சிரிப்பு ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம்.

அப்போது எங்கள் ஒரே மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போன இடங்கள் எல்லாம் ஏதோ ஒரு காரணத்தால் தட்டிப் போய்விட்டன. மகளுக்கு அலுத்துவிட்டது. “இதுதான் கடைசி அம்மா. இதுவும் சரிவராட்டி இனி ஒருத்தரும் என்னட்டக் கலியாணக் கதை கதைக்கக்கூடாது” என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சரிவராவிட்டாலும் இரண்டு பக்கத்துக்கும் மரியாதைக்குறைவு வரக்கூடாது என்று, கோயிலிலோ கலியாண வீட்டிலோ “தற்செயலாக”ச் சந்திக்க வைப்பார்கள். இந்த மாப்பிள்ளை வீட்டாரும் தெஹிவளையிலிருந்து பொங்கலுக்கு ஊருக்குப் போக இருந்தார்கள். “ரெண்டு பகுதியும் ஒரே ரயிலில போங்கோ. வழியில தற்செயலாக் கண்ட மாதிரிக் கதையுங்கோ” என்றார் தரகர். எந்த வகுப்பு என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை.

டிக்கெட் எடுக்கும்போதே வீட்டில் சண்டை.

“செக்கண்ட் கிளாஸ் எடுங்கோ அம்மா. யன்னலைத் திறந்தால் காத்து வரும். ஏசிக்குள்ள அடைஞ்சு கிடக்கேலாது” என்றாள் மகள்.

“தரகரிட்ட ஒரு சொல்லுக் கேட்டால் என்ன?” என்றார் என் கணவர்.

“நல்லாக் கேட்டியள்! டிக்கெட்டுக்கே கணக்குப் பாக்கிற ஆக்கள் எண்டு நினைக்கமாட்டினமோ? மாப்பிள்ளை எஞ்சினியர். அவை ஃபர்ஸ்ட் கிளாசிலதான் வருவினம்” என்று இரண்டு பேரின் வாயையும் அடைத்தேன்.

முதலாம் வகுப்புப் பெட்டியில் ஏறி உட்கார்ந்த உடனேயே கண்ணால் தேடத் தொடங்கினேன். அடுத்த வரிசையில், கோறாப் பட்டுச் சேலை கட்டிய ஓர் அம்மா. பக்கத்தில் கண்ணாடி போட்ட, லட்சணமான பொடியன். தரகர் அனுப்பிய படத்தில் மாப்பிள்ளைக்குத் தாடி இருந்தது, இவருக்கு இல்லை. “பொம்பிளை வீட்டுக்காரரைக் காண எண்டு தாடியை வழிச்சுப்போட்டு வந்திருக்கிறார். எவ்வளவு பண்பான பிள்ளை பாருங்கோ!” என்று கணவரின் காதில் சொன்னேன். அவர் படத்தை ஃபோனில் எடுத்து இரண்டு தரம் பார்த்தார். “மூக்கு வேற மாதிரி இருக்கப்பா” என்றார். மூக்கைப் பற்றி இவருக்கு என்ன தெரியும்!

நேரடியாகக் கேட்கமுடியாதே. தற்செயலான சந்திப்பல்லவா? ஆகவே சாடைமாடையாகத் தொடங்கினேன். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன். “தெஹிவளை” என்றார் அந்த அம்மா. எனக்குத் துள்ளிக் குதிக்கவேண்டும் போல் இருந்தது. கணவரின் காலை மிதித்தேன்.

அந்த அம்மா மகளைப் பார்த்து, “பிள்ளை என்ன செய்யிறா?” என்று கேட்டார். “பாங்கில வேலை. நல்ல வேலை, விடவேமாட்டா” என்றேன் நான். “சமையல் எல்லாம் தெரியுமோ?” என்று கேட்டார். “ஐயோ, அவள்தான் வீட்டில எல்லாம்!” என்றேன். மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். குருநாகல் தாண்டியதும், “குளிருது, நடந்திட்டு வாறன்” என்று எழுந்து போனவள் போனவள்தான். அழைத்துப் பார்த்தேன், ஃபோனை எடுக்கவில்லை.

எனக்கு வந்த கோபம்! மாப்பிள்ளை இங்கே இருக்க இவள் எங்கே போய்த் தொலைந்தாள்? போய் இழுத்துக்கொண்டு வரலாம் என்று எழுந்தால், அந்த அம்மா ஒரு தோடம்பழத்தை உரித்து நீட்டினார். சம்பந்தி தரும் பழத்தைத் தட்டலாமா? உட்கார்ந்துவிட்டேன். நானும் கட்டிக்கொண்டு வந்த கட்லட்டை எடுத்து, “தம்பி, இன்னொண்டு எடுங்கோ” என்று பொடியனுக்குத் தாராளமாகக் கொடுத்தேன். அநுராதபுரம் போவதற்குள் சீர்வரிசை தவிர மற்றதெல்லாம் கதைத்து முடித்தாயிற்று.

வவுனியாவில் ரயில் நின்றது. கையில் குழந்தையோடு ஓர் இளம்பெண் ஏறி வந்தாள். பொடியன் எழுந்து ஓடிப்போய்க் குழந்தையை வாங்கி, அதன் கன்னத்தில் முத்தம் கொடுத்தார். அந்த அம்மா பெருமையோடு என் பக்கம் திரும்பி, “மருமகள். தாய் வீட்டில நிண்டவ” என்றார்.

பூமி பிளந்து உள்ளே போகமாட்டோமா என்று இருந்தது! என் கணவர் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார். கட்லட் பெட்டியும் காலி.

அடுத்த நிமிடம் சிரிப்பெல்லாம் போய்ப் பயம் பிடித்தது. உண்மையான மாப்பிள்ளை வீட்டார் எங்கே? எங்களைக் காணாமல் என்ன நினைத்திருப்பார்கள்? கடைசிச் சந்தர்ப்பத்தை என் வீம்பால் பாழாக்கிவிட்டேனே என்று அடித்துப் பிடித்துப் பின்பக்கப் பெட்டிகளுக்கு ஓடினேன். இரண்டாம் வகுப்பில் காலை வைத்ததும் காற்று முகத்தில் அறைந்தது. யன்னல் எல்லாம் திறந்து கிடக்க, வடை விற்பவர் ஒரு பக்கம், பாட்டும் சத்தமும் ஒரு பக்கம்.

நடுவில் என் மகள்! தலைமயிர் எல்லாம் பறந்து பற்றையாகிக் கிடக்க, மடியில் கச்சான் கடலைக் கோது குவிந்திருக்க, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். எதிரில் தாடியோடு அந்த மாப்பிள்ளை. பக்கத்தில் அவருடைய தாய், தகப்பன்.

“வாங்கோ வாங்கோ” என்று மாப்பிள்ளையின் தாய் தள்ளி இருந்து எனக்கு இடம் தந்தார். “நாங்கள் உங்களை இதுக்குள்ளதான் தேடினனாங்கள். ஏசி எனக்கு ஒத்துவராது. பிறகு இவன்தான் பிள்ளையைக் கண்டுபிடிச்சவன்.”

எப்படி என்று கேட்டேன். “நடந்து போனவ, படத்தில கண்ட முகம். ‘தற்செயலாச் சந்திக்கவேண்டிய ஆள் நீங்கள்தானே?’ எண்டு கேட்டன், அன்ரி” என்றார் மாப்பிள்ளை. மகள் மறுபடி சிரிக்கத் தொடங்கினாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து எவ்வளவு காலம்!

தாய் சொல்லிக்கொண்டே போனார். “பிள்ளை வந்து இருந்த உடனயே சொல்லிப்போட்டா, தனக்குச் சோறு மட்டும்தான் சமைக்கத் தெரியும், அதுவும் ரைஸ் குக்கரில எண்டு. எங்களுக்குச் சிரிச்சு வயிறு நொந்துபோச்சு. பாங்க் வேலையை விட்டிட்டுச் சட்டம் படிக்க ஆசையாம். நல்ல விஷயம்தானே, என்ன?”

நான் தலையாட்டினேன். சட்டம் படிக்கும் ஆசை எனக்குத் தெரியாது. பெற்ற தாய்க்குத் தெரியாததை, அன்று காலை வரை முகம் தெரியாத ஒரு மனுசி எனக்குச் சொல்கிறார்.

யாழ்ப்பாணம் ஸ்டேஷனில் அவர்கள் விடைபெற்றுப் போனதும் மகளைத் தனியாகப் பிடித்தேன். “சட்டம் படிக்க ஆசை எண்டு எனக்கு ஏன் சொல்லேல்லை?”

அவள் கோபப்படவில்லை. “ஆர் என்ன கேட்டாலும் நீங்கள்தானே அம்மா பதில் சொல்லுறனீங்கள். இண்டைக்கு நீங்கள் பக்கத்தில இல்லை, அதால நான் சொன்னனான்” என்றாள். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு, “தரகருக்கு ஓம் எண்டு சொல்லுங்கோ” என்றுவிட்டுத் தகப்பனோடு நடந்தாள்.

எனக்குச் சந்தோஷத்தில் கண்ணீர் வந்ததா, வெட்கத்தில் வந்ததா என்று தெரியவில்லை. அங்கேயே நின்று தரகருக்கு ஃபோனில் கோல் எடுத்தேன்.

இப்போது மகள் சட்டம் படிக்கிறாள், மருமகன்தான் சமையல். விசேஷ வீடுகளில் யாராவது அவளிடம் ஏதும் கேட்டால், பதில் இன்றைக்கும் என் நாக்கு நுனிவரை ஓடிவருகிறது. அதை விழுங்கிக்கொண்டு, அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று ஊர்ச்சனத்தோடு சேர்ந்து நானும் ஆவலாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.