கனகம் கொடுத்த மாதிரி

கனகக்காவுக்கு இந்த உலகத்தில் ஒரே குறை, உப்பைக் கழுவ முடியவில்லை என்பதுதான். எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்லிச் சிரிப்பார்கள். கரண்ட் பில் எழுத வருகிற ஆள் உட்கார்ந்து எழுந்து போனால், அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்க் கிணற்றடியில் போட்டுத் தேய்ப்பாள். கடையில் வாங்கிய வெல்லத்தைக்கூட ஒரு அலசு அலசித்தான் டப்பாவில் போடுவாள். பாதி வெல்லம் வாய்க்காலோடு போகும், போனால் போகட்டும் என்பாள். கேலி செய்தால் சண்டைக்கு வருவாளா என்றால் அதுவும் கிடையாது, சிரித்துக்கொண்டே கேலி செய்தவருடைய டம்ளரை எடுத்துப் போய்க் கழுவுவாள். என்னைப் போல வாய்த்துடுக்கு உள்ளவளுக்கு அப்படி ஒருத்தி பக்கத்துத் தோட்டத்தில் வாய்த்தது நான் செய்த புண்ணியம்.

அந்தச் சுத்தப் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அவள் சோமனூரில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவள். விசைத்தறி ஓடுகிற வீட்டில் பஞ்சுத்தூசி தட்டுச் சோற்றிலும் படியும், தூங்குகிற குழந்தையின் இமையிலும் படியும். லட்சுமணசாமி அண்ணனைக் கட்டிக்கொண்டு உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே அவர் தோட்டத்துக்கு வந்ததும் அவள் முதலில் எட்டிப் பார்த்தது கிணற்றைத்தான். அடி மண் தெரிகிற தண்ணீர். அதைப் பார்த்துக் கண் கலங்கி நின்றாள் என்று அண்ணனே ஒருநாள் சொன்னார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று மூடியே வைத்திருக்கிற மனுஷன் அவர், அவரே சொன்னார் என்றால் நம்பத்தான் வேண்டும்.

அந்தக் கிணற்றுத் தண்ணீரை ஒரு பானையில் நிரப்பி, தோட்டத்து வழி ரோட்டில் சேருகிற இடத்தில் வேப்பமரத்தடியில் வைப்பாள். ஆனைமலை மாசாணியம்மன் கோவிலுக்குப் போகிறவர்கள், இளநீர் லாரிக்காரர்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லோரும் குடிப்பார்கள். தினமும் காலையில் பானையைத் தேய்த்துப் புதுத் தண்ணீர் ஊற்றாமல் அவளுக்குக் காப்பி இறங்காது.

தென்னையை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாது என்று ஆன நேரத்தில் கோழிக்குஞ்சுக் கம்பெனிக்காரர்கள் தோட்டம் தோட்டமாக வந்தார்கள். ஷெட்டும் தண்ணீரும் உழைப்பும் நம்முடையது. குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் அவர்களுடையது. வளர்ந்ததும் எடை போட்டு அவர்களே எடுத்துக்கொள்வார்கள். கனகக்கா அண்ணனிடம் கேட்டு அந்த ஷெட்டைத் தன் பேரில் கட்டினாள். பிறந்த வீட்டில் தறியெல்லாம் தம்பிமார் பேரில், இங்கே நிலமெல்லாம் அண்ணன் பேரில். அவளுடையது என்று சொல்லிக்கொள்ள அந்த ஷெட் ஒன்றுதான். கோழிப்பண்ணைக்குள் போனால் மூக்கைப் பொத்துவோம், அவள் ஷெட்டில் உட்கார்ந்து நான் பூக் கட்டியிருக்கிறேன். கம்பெனியின் சூப்பர்வைசர் அருள்குமார் மற்ற பண்ணைக்காரர்களைக் கூட்டி வந்து, இப்படி வைத்திருக்க வேண்டும் என்று காட்டுவான்.

தொண்ணூற்றேழு ஐப்பசியில் விடாமல் மழை. அந்த மழையில் ஒரு தீவன லோடு வந்தது. தார்ப்பாய் கிழிந்திருந்தது, மூட்டைகளின் அடிப்பக்கம் நனைந்திருந்தது. எங்கள் பக்கத்தில் அந்த லோடு இறங்கியது அவளுக்கு மட்டும்தான். பிரித்தபோது பூசண வாடை அடித்தது, உள்ளே மாவு கட்டிகட்டியாகப் பச்சை பூத்துக் கிடந்தது. அருள்குமாரிடம் சொன்னதற்கு, மழைக்காலத்தில் எல்லாம் அப்படித்தானுங்க, உதிர்த்துப் போடுங்க என்றான். அவர்கள் தீவனம், அவர்கள் கோழி, அவர்களுக்குத் தெரியாததா என்று இவளும் உதிர்த்துப் போட்டாள்.

கோழிகள் தீனி எடுக்காமல் மூலையில் ஒண்டின. கொண்டை வெளுத்தது. அப்புறம் சாக ஆரம்பித்தன, சாவு நிற்கவே இல்லை. காலையில் கதவைத் திறக்க அவளுக்குக் கை வரவில்லை, நான்தான் போய்த் திறந்துவிடுவேன்.

கோயமுத்தூரில் இருக்கிற ஒரு ஆய்வுக்கூடத்திலிருந்து சண்முகப்பிரியா என்கிற டாக்டரம்மா ஜீப்பில் வந்தார். கோழித் தீவனத்தில் பூசணம் உண்டாக்குகிற விஷத்தையும், தண்ணீரில் பரவுகிற கிருமியையும் பற்றிப் பண்ணை பண்ணையாகப் போய் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். செத்த கோழியை அறுத்து ஈரலை எங்களிடம் காட்டினார். மஞ்சளடித்து வீங்கி இருந்தது. பூசண விஷத்துக்கு வாயில் நுழையாத ஒரு பெயர் சொன்னார், எனக்கு அது இன்றைக்கும் நுழையவில்லை. தீவனத்தில்தான் சந்தேகம், ஆனால் தண்ணீரையும் பார்த்தால்தான் எது என்று அடித்துச் சொல்ல முடியும், எழுதிக் கொடுத்தால் கம்பெனி பதில் சொல்லியே ஆக வேண்டும் என்றார். கனகக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தீவன அறைச் சாவியை அண்ணன் இடுப்பில் சொருகிக்கொண்டு உடுமலைக்குப் போயிருந்தார். தண்ணீரும் அன்றன்றைக்கு எடுத்ததாக இருந்தால்தான் பரிசோதிக்க முடியுமாம். டாக்டரம்மாவுக்கு ஆனைமலையில் இன்னொரு பண்ணை காத்திருந்தது. வாயில் பஞ்சும் காகிதமும் கட்டிய ஒரு பாட்டிலைக் கையில் கொடுத்தார்.

"நாளைக்கு மத்தியானம் ஜீப் வருமுங்க. தீவனத்துல ஒரு மாதிரி, தண்ணில ஒரு மாதிரி எடுத்து வெச்சிருங்க."

அவ்வளவுதான் சொன்னார். மாதிரி என்றால் எங்கள் ஊரில் யாருக்கும் தெரியும். கமிஷன் மண்டியில் கொப்பரைக்கு மாதிரி காட்டுவோம், சோளத்துக்கு மாதிரி காட்டுவோம். உள்ளங்கையில் எடுத்து நீட்டுகிறபோது கல்லும் சொத்தையும் இருந்தால் அது நமக்கு மானக்கேடு. மாதிரிக்கு எடுப்பது எப்போதும் நல்லதாகத்தான் இருக்கும்.

அன்று ராத்திரி நான் என் அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன், நடந்தது பின்னால்தான் தெரிந்தது. இருந்திருந்தாலும் கூட உட்கார்ந்து உதவித்தான் இருப்பேன். விடிந்ததும் கனகக்கா தீவனத்தை முறத்தில் கொட்டிப் புடைத்தாள். பச்சை பூத்த கட்டிகளைப் பொறுக்கி எறிந்தாள். சல்லடையில் சலித்தாள். மழை விட்டிருந்த நேரத்தில் வெயிலில் காயப் போட்டு, சீரகம் கட்டுகிற மாதிரி வெள்ளைத் துணியில் முடிந்து வைத்தாள். பாட்டிலை முகர்ந்து பார்த்தாள், மருந்து நெடி அடித்தது. யார் வீட்டு எந்தச் சீக்குக்குப் பயன்பட்ட பாட்டிலோ என்று, பஞ்சை எடுத்துப் போட்டுவிட்டு, வாசலுக்குச் சாணி தெளித்த கையோடு மாட்டுத் தொட்டிப் பக்கம் உட்கார்ந்து, தேங்காய் நாரில் அடுப்புச் சாம்பல் தொட்டு உள்ளும் புறமும் தேய்த்தாள். முந்தானையால் துடைத்தாள். பிறகுதான் கிணற்றுத் தண்ணீரைப் பிடித்தாள்.

ஜீப் போனதும் சும்மா இருந்தாளா? மாதிரிதான் கொடுத்தாயிற்றே என்று, செத்த கோழிகளோடு மிச்ச மூட்டைகளையும் குழியில் போட்டு எரித்தாள். ஷெட் முழுக்கச் சுண்ணாம்பு அடித்தாள்.

முடிவு வந்தது. தீவனத்தில் விஷம் இல்லை. தண்ணீரில் சாணத்துக் கிருமி எண்ண முடியாத அளவுக்கு இருந்தது. அருள்குமார் வந்து அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டான். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

"தப்பா நெனச்சுக்காதீங்க. தீவனம் சுத்தமுங்க. உங்க கெணத்துத் தண்ணிலதானுங்க கோளாறு. இனி இங்க குஞ்சு எறக்க முடியாதுங்க."

அந்த 'ங்க'வைக் கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பச்சை பூத்ததை உதிர்த்துப் போடச் சொன்னவன் நீதானே என்று நான் வாய்க்கு வந்ததைப் பேசினேன். அதையும் நின்று கேட்டுவிட்டு, போயிட்டு வாரேனுங்க என்று வண்டியை எடுத்தான்.

கனகக்காவை இழுத்துக்கொண்டு நான்தான் கோயமுத்தூருக்குப் பஸ் ஏறினேன். ஆய்வுக்கூடத்தில் டாக்டரம்மாவுக்கும் குழப்பம். ஈரல் ஒன்று சொல்கிறது, மாதிரி வேறொன்று சொல்கிறது, உங்கள் பண்ணையை ஆராய்ச்சியில் எந்தப் பக்கம் வைப்பது என்றே தெரியவில்லை என்றார். நான் குரலை உயர்த்தினேன். கனகக்கா என் கையை அமுக்கிவிட்டு, மெதுவாகச் சொன்னாள்.

"அதெப்படிங்க அம்மணி கிருமி இருக்கும்? உங்க பாட்டிலக் கூட நான் சாம்பல் போட்டுத் தேச்சுத்தானுங்க புடிச்சேன். தீவனத்தயும் கட்டியெல்லாம் பொறுக்கிப் போட்டு, சலிச்சு, காயவெச்சுத்தானுங்க குடுத்தேன். நாலு பேரு பாக்கறது, அழுக்காக் குடுப்பனுங்களா?"

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். பிறகு நாற்காலியைக் கனகக்கா பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளக்கினார். விஷம் அந்தக் கட்டிகளில்தான் இருந்தது. பாட்டில் ஏற்கனவே சூட்டில் வேகவைத்துக் கிருமி நீக்கியது. கழுவியதில்தான் சாணம் ஏறியது. மிச்சத் தீவனம் ஒரு கைப்பிடி இருந்தாலும் போதும் என்றார். எரித்துவிட்டேன் என்று இவள் சொன்னபோது எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஈரலைப் பார்த்து நீங்களே எழுதிக் கொடுங்களேன் என்று கேட்டேன். தீவனத்தில் இருந்ததைக் காட்டாமல் எழுதினால் கம்பெனி ஒத்துக்கொள்ளாது என்றார். கழுவ வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் போனேனே என்று அவர் வருத்தப்பட்டார். நானும் அவரைத் திட்டத்தான் வாயெடுத்தேன், அந்த முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன். கழுவ வேண்டாம் என்று எந்த ஊரில் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

தண்ணீரையாவது திரும்பப் பார்க்கிறேன் என்று அடுத்த வாரம் அவரே வந்தார். கையுறை போட்டு, புது பாட்டிலில் தானே பிடித்தார். கனகக்கா தள்ளி நின்றாள். எதையும் தொட்டுவிடக் கூடாது என்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். தன் கிணற்றடியில் அவள் அப்படி நின்றதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

தண்ணீர் சுத்தம் என்று வந்தது. டாக்டரம்மா கம்பெனிக்கு விவரமாக எழுதினார். அருள்குமார் வந்து, இப்போது சுத்தம் பண்ணியிருப்பீங்க, அக்காவப் பத்தித் தெரியாதுங்களா என்றான். அதை இல்லை என்று சொல்ல ஊரில் ஒருத்தரும் இல்லை. வேறு கம்பெனிகளைக் கேட்டுப் பார்த்தோம். தண்ணீர் கெட்ட பண்ணை என்ற பேச்சு எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. அண்ணன் ஷெட்டைத் தேங்காய் மட்டை போட்டுவைக்க யாருக்கோ விட்டுவிட்டார். அவளைக் கேட்டுத்தான் விட்டார், அவள் சரி என்றாள்.

அந்தப் பேச்சு ரோட்டுக்கும் வந்தது. வேப்பமரத்தடிப் பானை சாயங்காலம் வரை நிறைந்தே இருந்தது. லாரிக்காரர்கள் நிற்பதில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைத் தாய்மார் தடுத்துவிட்டார்கள். என் வீட்டுக்காரரே, அங்கே போனால் காப்பியோடு நிறுத்திக்கொள், தண்ணீர் குடிக்காதே என்றார், அன்று எங்கள் வீட்டில் நடந்த சண்டை ஊருக்கே கேட்டது. நான் வேண்டுமென்றே தினமும் போய் ஒரு சொம்பு குடித்தேன். ஒருத்தி குடித்து ஒரு பானை தீருமா? அவள் சாயங்காலம் அதைத் தென்னைக்கு ஊற்றிவிட்டு, காலையில் தேய்த்து மறுபடி நிரப்பினாள்.

மாசி மாதத்தில் டாக்டரம்மா கடைசியாக ஒருமுறை வந்தார். கம்பெனி தன் கடிதத்துக்குப் பதிலே போடவில்லை என்று நேரில் சொல்லத்தான் அத்தனை தூரம் வந்திருந்தார். உங்கள் பண்ணையை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட்டேன் என்றும் சொன்னார். நல்ல மனசு, இல்லை என்று சொல்ல மாட்டேன். நல்ல வெயில் வேறு. கனகக்கா உள்ளே போய், டம்ளரைத் தேய்த்து, கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"வேண்டாமுங்க, பையில தண்ணி வெச்சிருக்கறன்" என்று டாக்டரம்மா கையைப் பைக்குள் விட்டார்.

யோசித்துச் சொன்னதில்லை, ஊர் ஊராகக் கோழி அறுக்கிறவருக்கு அது பழக்கம். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்தது. அந்தத் தண்ணீர் சுத்தம் என்று கையெழுத்துப் போட்டவரே அவர்தான். முகம் சிவந்து, குடுங்க, குடிக்கிறேன் என்று கையை நீட்டினார்.

கனகக்கா கொடுக்கவில்லை. கோபமும் படவில்லை.

"பரவால்லீங்க அம்மணி. உங்களுக்கே ஒரு மாதிரியா இருக்குதுங்கல்ல?" என்றாள்.

தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினாள். யார் வாயும் படாத அந்த டம்ளரை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய் உட்கார்ந்தாள். சாம்பல் போட்டு அதைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.